இரண்டாவது பிரேக்

பெரிய மாஸ்டரின் வயிற்றெரிச்சல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில்தான் உச்சத்துக்குப் போனது. அதற்கு முன்னால் எரியவில்லை என்று சொல்ல முடியாது. வருஷக்கணக்காகப் புகைந்துகொண்டிருந்ததுதான். அன்றைக்கு அதை ஊதிவிட்டது அவர் பெற்ற மகள்.

"அப்பா, டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்துட்டேன்," என்றாள், தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

அவர் எடுத்த கவளம் பாதி வழியில் நின்றது. இந்த வார்த்தைக்காக அவர் காத்திருந்தது கொஞ்ச நஞ்சமா? அவளை மடியில் வைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கவிட்ட காலத்திலிருந்தே அவருக்கு ஒரே ஆசை. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர். தன் மகளும் தன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும், யாராவது கேட்டால் 'எங்கப்பாதான் சொல்லிக் கொடுத்தார்' என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"அப்படியா? நாளைக்குக் காலையில முதல் வகுப்பே உனக்கு வச்சிடுறேன்."

"இல்லப்பா. மாமாகிட்ட சேர்ந்திருக்கேன்."

மாமா என்றால் அவர் மனைவியின் தம்பி. அதே பயிற்சிப் பள்ளியில் இரண்டாவது ஆசிரியர். இவரைப் பெரிய மாஸ்டர் என்றும் மச்சினனைச் சின்ன மாஸ்டர் என்றும் அங்கே கூப்பிடுவார்கள். வயசைப் பார்த்து வைத்த பெயர். கூட்டத்தைப் பார்த்து வைத்திருந்தால் மாற்றித்தான் வைத்திருப்பார்கள்.

"நல்லதாப் போச்சு," என்றாள் மனைவி. "தம்பி பொறுமையா சொல்லிக் கொடுப்பான்."

"ஏன், நான் பொறுமையா சொல்லிக் கொடுக்க மாட்டேனா?" என்று அவர் கத்தினார். கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் கத்தலிலேயே இருப்பது அவருக்கே தெரிந்தது. தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்தார்.

படுத்த நிமிஷமே தண்ணீர் மோட்டார் ஓடுவதுபோல் குறட்டை கிளம்பிவிடும் ஆள். கதவை மூடினாலும் கேட்கும். அன்றைக்கு அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மனுஷன் தூங்காமல் புழுங்கிக்கொண்டிருக்கிறார் என்று மனைவிக்கு அதை வைத்தே தெரிந்துவிட்டது.

அவர் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்: எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். கடைசியில் மகளையும் எடுத்துக்கொண்டான்.

பயிற்சிக் கார்களில் ஒரு ஏற்பாடு உண்டு. ஓட்டக் கற்றுக்கொள்கிறவரின் காலடியில் இருப்பதுபோலவே, பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்து வந்தால் மாஸ்டர் அமுக்கி வண்டியை நிறுத்திவிடலாம். ஆபத்துக்கு மட்டும் என்று வைத்தது. பெரிய மாஸ்டரைப் பொறுத்தவரை வண்டி கிளம்புவதே ஆபத்துதான்.

கதவைத் திறக்கிற லட்சணத்தை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவார். இவன் அவசரக் குடுக்கை, எங்கேயாவது கொண்டுபோய் முட்டுவான். இது பகல் கனவு காண்கிற கேஸ், சிவப்பு விளக்கே கண்ணில் படாது. இவருக்கு வாய்தான் பெரிது. யாரும் சரியான இடத்தில் பிரேக் போடப் போவதில்லை என்பது அவருடைய முடிவான கருத்து. அதனால் அவர் வலது கால் எப்போதும் அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே குடியிருந்தது. திருப்பம் வந்தால் ஒரு அமுக்கு, வேகத்தடை வந்தால் ஒரு அமுக்கு, தூரத்தில் ஒரு நாய் கொட்டாவி விட்டால்கூட ஒரு அமுக்கு. மெதுவாகத்தான், ஓட்டுகிறவருக்குத் தெரியாதபடி. அவருடைய ஷூக்களில் வலதின் அடிப்பாகம் மட்டும் சீக்கிரமே தேய்ந்துவிடும். "ரெண்டு காலும் சேர்ந்துதானே நடக்குது? ஒண்ணு மட்டும் எப்படிங்க இப்படித் தேயுது?" என்று மனைவி ஒவ்வொரு தடவையும் கேட்பாள். பள்ளியில் அவர் முதுகுக்குப் பின்னால் 'பிரேக் மாஸ்டர்' என்று இன்னொரு பெயர் ஓடியது.

சின்ன மாஸ்டர் நேர் எதிர். காரில் ஏறியதும் இரண்டு காலையும் இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொள்வார். யாரைப் பார்த்தாலும் அவருக்கு ஏதாவது ஒரு நல்லது கண்ணில் பட்டுவிடும். ஊர்ந்து போகிறவரிடம் "நிதானம் உங்களுக்கு இயல்பாவே வருது" என்பார். விர்ரென்று போகிறவனிடம் "பயம் இல்ல பாருங்க, அதுவே பாதிக் கிணறு தாண்டின மாதிரி" என்பார். நடுரோட்டில் என்ஜினை அணைத்துவிட்டு முழிக்கிறவரிடம்கூட "ஹாரன் அடிச்சும் பதறல பாத்தீங்களா" என்று பாராட்டு வரும்.

"நாளைக்கு ஒருத்தன் சுவத்துல கொண்டுபோய் மோதினா, சரியா நடுவுல மோதினான்னு சொல்லிக் கை கொடுப்பான்," என்று பெரிய மாஸ்டர் மனைவியிடம் பொருமுவார். ஜனங்கள் அவனைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவன் வகுப்புக்குக் காத்திருக்க வேண்டும். இவர் வகுப்பில் எப்போது வேண்டுமானாலும் இடம் இருந்தது. அவனிடம் கற்றவர்கள் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினார்கள். இவர் ஆட்கள் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று டெஸ்டுக்கு நடையாக நடந்தார்கள். அதிகாரிகளை ஏதோ கவனிக்கிறான் போலிருக்கிறது என்று இவர் சந்தேகப்பட்டார். சந்தேகத்துக்கு ஆதாரம் எதுவும் கிடைக்காததில் அவருக்கு வருத்தம்.

இத்தனை புகைச்சலுக்கும் நடுவில் அவருக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அது ஒரு ரகசியம்.

சின்ன மாஸ்டர் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கதை சொல்வார். "நான் கத்துக்கிட்டது எங்க அத்தான்கிட்ட. அவரோட சொந்தக் கார், அதுல இரண்டாவது பிரேக்கே கிடையாது. எங்க வீட்ல அதுவரைக்கும் ஒரு கண்ணாடி டம்ளரைக்கூட யாரும் என் கையில நம்பிக் கொடுத்ததில்ல, எதைத் தொட்டாலும் உடைப்பேன். அத்தான் என்னை ஓட்டச் சொல்லிட்டு, கொஞ்ச தூரம் போனதும் சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டாரு. என் மேல அவ்வளவு நம்பிக்கை. வீடு வர்ற வரைக்கும் கண்ணைத் திறக்கல. அன்னைக்குத்தான் நான் டிரைவர் ஆனேன். அதனால நீங்க ஓட்டும்போது நானும் காலை வைக்க மாட்டேன்."

கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். பெரிய மாஸ்டருக்கு மட்டும்தான் நடந்தது தெரியும். அப்போது அவர் ராத்திரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதுசு. பெண்டாட்டி மனசு குளிரட்டும் என்று மச்சினனுக்குக் கார் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். விடிய விடிய பஸ் ஓட்டிய அலுப்பு, வயிறு முட்டச் சாப்பாடு, ஜன்னல் காற்று. மனுஷன் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டார். முழித்துப் பார்த்தால் வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது, பயல் மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். தூங்கினேன் என்று சொல்ல வெட்கப்பட்டு "பரவாயில்ல, நல்லாத்தான் ஓட்டுன" என்றார். அவ்வளவுதான்.

முட்டாள், என்று நினைத்துக்கொள்வார். நான் தூங்கினதை நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டு பெரிய ஆளாகிவிட்டான். மச்சினன் பெயர் காதில் விழும்போதெல்லாம் இந்த ரகசியத்தை மனசுக்குள் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வார். கொஞ்சம் குளிரும்.

பல் டாக்டர் அம்மா வந்த அன்றைக்கு அதுவும் உதவவில்லை.

அவர் பெரிய மாஸ்டரிடம் கற்றுக்கொண்டு இரண்டாவது தடவையும் டெஸ்டில் தோற்றிருந்தார். நேராகப் பள்ளி முதலாளியின் மேசைக்குப் போய், "உங்க காரை மெக்கானிக்கிட்ட காட்டுங்க," என்றார். "மாஸ்டர்கூட ஓட்டும்போது கோட்டுக்கு முன்னாடி தானா அழகா நிக்குது. டெஸ்ட் அன்னைக்கு அதிகாரி உட்கார்ந்தா மட்டும் கோட்டைத் தாண்டிப் போயிடுது. அதே கார்தான். ஏதோ கோளாறு இருக்கு."

முதலாளி பெரிய மாஸ்டரைப் பார்த்தார். பெரிய மாஸ்டர் சுவரைப் பார்த்தார். சின்ன மாஸ்டரின் பார்வை ஒரு நொடி அத்தானின் வலது ஷூவில் விழுந்து சட்டென்று விலகியது.

"கோளாறு ஒண்ணும் இல்லீங்க," என்றார் சின்ன மாஸ்டர். "அத்தான்கிட்ட கத்துக்கிட்டவங்களுக்குத் திருப்பத்துல கை பிசகவே பிசகாது. கண்ணாடி பார்க்கிற பழக்கம் அவர் சொல்லிக் கொடுக்கிற மாதிரி யாருக்கும் வராது. கஷ்டமானதெல்லாம் நீங்க முடிச்சாச்சு. நிறுத்துறது ஒண்ணுதான் பாக்கி."

"அப்ப அந்தப் பாக்கியை நீயே முடிச்சுக் கொடுத்துடு," என்றார் முதலாளி. டாக்டர் அம்மா அன்றைக்கே கை மாறினார்.

திட்டியிருந்தால்கூடப் பெரிய மாஸ்டர் தாங்கியிருப்பார். பாராட்டிவிட்டான். கண்டுபிடித்துவிட்டு, பூசி மெழுகி, பாராட்டி, ஆளையும் கொண்டுபோய்விட்டான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, நின்றிருந்த காரின் டயரை ஒரு உதை விட்டார். தேய்ந்த ஷூ, விரல்தான் வலித்தது.

அடுத்த வாரம் அவருடைய கார் வொர்க்‌ஷாப்புக்குப் போனது. அதை எடுத்து வரும் சாக்கில் மகள் ஓட்டுகிற காரின் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். சாக்குதான். மச்சினன் செய்கிற தப்பை ஒன்றாவது கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

முன்னால் சின்ன மாஸ்டர் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கடைகளை வேடிக்கை பார்த்தபடி, அவளுடைய தோழியின் புது வேலையைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தார். மகள் பேசிக்கொண்டே ஓட்டினாள். மார்க்கெட்டைத் தாண்டி ஒரு சந்திலிருந்து, மூட்டை கட்டிய சைக்கிள் ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது.

பெரிய மாஸ்டரின் வலது கால் தானாகப் பாய்ந்தது. அங்கே என்ன இருக்கிறது? முன் சீட்டின் முதுகுதான். தடால் என்று ஒரு உதை.

"அப்பா, சீட்டை உதைக்காதீங்க," என்றாள் மகள்.

வண்டி எப்போதோ நின்றிருந்தது. சைக்கிளுக்கும் காருக்கும் நடுவில் இன்னொரு சைக்கிள் போகிற அளவுக்கு இடம் இருந்தது. சைக்கிள்காரர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவளும் கையைத் தூக்கினாள். முன்னால் தொங்கிய கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வீட்டில் அவர் முன்னால் அந்த முகம் இவ்வளவு லேசாக இருந்து அவர் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் மனசு ஒன்று கேட்டது. எங்கேயாவது லேசாக உரசட்டும், ஒரு கம்பத்தில், ஒரு சுவரில், சின்னதாக ஒரு கீறல். பெற்ற மகள்தான். இருந்தாலும் மனசு அப்படித்தான் கேட்டது. கேட்டது காதில் விழுந்ததும் அவருக்கே அசிங்கமாக இருந்தது. வொர்க்‌ஷாப் வருகிற வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவளுக்கு டெஸ்ட் என்று குறித்த நாளுக்கு முந்தின நாள், சின்ன மாஸ்டர் அவரிடம் வந்தார்.

"அத்தான், டாக்டர் அம்மாவுக்கு இன்னைக்கு டெஸ்ட். நான் கூடப் போகணும். பாப்பாவை நீங்க ஒரு சுத்து கூட்டிட்டுப் போய் வந்துடுங்க."

"அப்பாவா?" என்றாள் மகள். முகம் விழுந்ததை அவள் மறைக்கப் பார்த்தாள். அவர் பார்த்துவிட்டார்.

"அவரைவிட நல்ல மாஸ்டர் யாரு இருக்காங்க? போயிட்டு வா," என்றார் சின்ன மாஸ்டர்.

பிச்சை போடுகிறானா, என்று பெரிய மாஸ்டருக்கு எரிந்தது. ஆனாலும் ஏறி உட்கார்ந்தார். எத்தனை வருஷத்து ஆசை. மகள் பக்கத்தில், கையில் ஸ்டியரிங். எவன் போட்ட பிச்சையாக இருந்தால் என்ன.

விளையாட்டு மைதானத்தைச் சுற்றிப் போகும் அகலமான சாலை. கூட்டம் கிடையாது. அவள் நன்றாகத்தான் கிளப்பினாள். முதல் திருப்பம் வந்தது. அவர் கால் அவரைக் கேட்கவில்லை. ஒரு அமுக்கு.

"அப்பா, நீங்க போட்டீங்களா?"

"இல்லையே."

அடுத்த வேகத்தடையில் இன்னொரு அமுக்கு. அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். குனிந்து அவர் ஷூவைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார், பதிலுக்குத் திட்டத் தயாராகவும் இருந்தார். அவள் கண் கலங்கியிருந்தது.

"இப்ப நிறுத்துனது நானா நீங்களான்னு எனக்குத் தெரியலப்பா. அப்ப இத்தனை நாளும் மாமாகூட ஓட்டுனது? அதுவும் நானில்லையோன்னு சந்தேகம் வருது. நாளைக்கு டெஸ்ட். எனக்குப் பயமா இருக்கு."

பெரிய மாஸ்டருக்குப் பல் டாக்டர் அம்மா ஓட்டிக் கோட்டைத் தாண்டிய கார் ஞாபகம் வந்தது. அந்த அம்மாவுக்கு முன்னால் தோற்றவர்கள், அவர்களுக்கும் முன்னால் தோற்றவர்கள், எல்லாரும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் யாருமே அவர் காரில் பிரேக் போட்டதில்லை. போட அவர் விட்டதில்லை. இப்போது அதே வேலையை மகளுக்கும் செய்துகொண்டிருக்கிறார்.

"கிளப்பும்மா," என்றார். "காலை வைக்கல."

காலை இழுத்து இருக்கைக்கு அடியில் வைத்தார். வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு ஆட்டோ தெரிந்ததுமே கால் ஊர்ந்து வெளியே வந்துவிட்டது. திரும்ப இழுத்தார். ஒரு அம்மா பையோடு நடைபாதையில் நின்றாள், கால் திரும்ப வந்தது. அப்போதுதான் அவருக்குத் தன் வியாதி பிடிபட்டது. கண் பார்த்தால் கால் போகிறது. கண்ணுக்கும் காலுக்கும் நடுவில் அவர் என்று ஒரு ஆளே கிடையாது.

அவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

இருட்டில் என்ஜின் சத்தம் பெரிதாகக் கேட்டது. இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. வலப்பக்கமா இடப்பக்கமா? ஏதோ ஒரு லாரி ஹாரன். அவர் உள்ளங்கை வேர்த்து, முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. உடம்பில் ஒரு ரோமம்கூடத் தூங்கவில்லை. இதுதானா நம்பிக்கை என்பது? இவ்வளவு பயமாகவா இருக்கும்? அன்றைக்கு மச்சினன் பக்கத்தில் வெறுமனே தூங்கின பழைய பஸ் டிரைவர் கொடுத்துவைத்தவன். அவனுக்கு ஒரு சிரமமும் இல்லாமல் பெயர் கிடைத்துவிட்டது.

"அப்பா, தூங்கிட்டீங்களா?"

பதில் சொன்னால் திரும்பிப் பார்ப்பாள், சாலையிலிருந்து கண் போய்விடும். அவர் வாயைத் திறக்கவில்லை.

வண்டி மெதுவானது. யாரோ தெருவைக் கடக்கும் காலடிச் சத்தம், ஒரு குழந்தையின் பேச்சு. பிறகு கியர் விழுந்து மறுபடியும் கிளம்பியது. அவளே நிறுத்தி, அவளே கிளப்பியிருந்தாள்.

பள்ளி வாசலில் வண்டி நின்ற பிறகுதான் கண்ணைத் திறந்தார். டாக்டர் அம்மா ஜெயித்துவிட்டு எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி, சின்ன மாஸ்டர் எல்லாரும் வெளியே நின்றார்கள். மகள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

"மாமா, கூத்தைக் கேளுங்க. அப்பா பாதி வழியிலயே தூங்கிட்டார். மைதானத்தைச் சுத்தி நான் தனியாத்தான் ஓட்டிட்டு வந்தேன்."

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிரேக் மாஸ்டரா? தூங்கினாரா?" டாக்டர் அம்மாவும் சிரித்தார். தூங்கவில்லை என்று சொல்லப் பெரிய மாஸ்டர் வாயெடுத்தார். சொன்னால் யார் நம்புவார்கள்? தான் இருக்கிற இடத்தில் வேறு ஒருவன் இருந்தால், தானே நம்பமாட்டார். தலையைக் குனிந்துகொண்டு காரின் கதவைச் சாத்தினார்.

சின்ன மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"குறட்டை விட்டாரா?" என்று கேட்டார்.

மகள் யோசித்தாள். "இல்லையே. சத்தமே வரல."

"அப்ப தூங்கல பாப்பா. அத்தான் கார்ல தூங்கினா குறட்டை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். பக்கத்துல உட்கார்ந்து வீடு வரைக்கும் கேட்டவன் நான்."

மகள் மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவருடைய வேர்த்த கையையும், கசங்கிப்போயிருந்த முழங்கால் துணியையும் பார்த்தாள். கிட்டே வந்து, "நாளைக்கு டெஸ்டுக்கு நீங்க கூட வாங்கப்பா," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அவள் உள்ளே போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். கேட்டது அப்போதுதான் முழுசாக உள்ளே இறங்கியது. இத்தனை வருஷம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்த ரகசியம். அது அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு மச்சினன் மேல் உண்மையான பொறாமை வந்தது.

"தூங்குறேன்னு தெரிஞ்சும், நம்பிக்கைன்னு ஏண்டா ஊரெல்லாம் சொன்ன?" என்றார்.

சின்ன மாஸ்டர், நாளைக்கு டெஸ்டுக்குப் போகிற காரின் சாவியை அவர் கையில் கொடுத்தார்.

"எனக்கு நிறுத்தவும் சரியாத் தெரியாது, உங்களை எழுப்பவும் பயம். நடுரோட்டுல, பக்கத்துல நீங்க குறட்டை விடுறீங்க. என்னை நம்பித்தான் தூங்குறீங்கன்னு எடுத்துக்கிட்டேன். அப்படி எடுத்துக்கிட்டாத்தான், அத்தான், என்னால வண்டியை வீடு கொண்டு வந்து சேர்க்க முடிஞ்சுது."